புண் ஆறியும் வலி ஆறாதது ஏன்?

உழவுத் தொழில் உடலுழைப்பை அடிப்படையாகக் கொண்டது. நாற்று நடுதல், களை எடுத்தல், கதிர் அறுத்தல், கட்டுச் சுமத்தல் ஆகிய வேலைகள் யாவும் முதுகையும் தோளையும் முழங்காலையும் நம்பியே நடைபெறுகின்றன. ஆகவே, இடுப்பு வலியும் மூட்டு வலியும் கிராம மக்களுக்குப் புதியன அல்ல. பெரும்பாலும் அவை சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாமே தணிந்துவிடுகின்றன. ஆனால், சிலரிடம் அவ்வாறு தணிவதில்லை. அடிபட்ட இடம் ஆறிவிடுகிறது, வீக்கம் வற்றிவிடுகிறது, பரிசோதனைகளில் பெரிய குறை ஏதும் காணப்படுவதில்லை. எனினும், வலி மட்டும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும் வலியை 'நாட்பட்ட வலி' என்று மருத்துவ நூலார் வகுத்திருக்கின்றனர்.

இத்தகைய வலியுடையோர் இரு வகையில் துன்புறுகின்றனர். வலியினால் வரும் துன்பம் ஒன்று; அவ்வலியைப் பிறர் நம்பாமையால் வரும் துன்பம் மற்றொன்று. "வேலைக்கு அஞ்சி நடிக்கிறார்" என்று அண்டை அயலார் பேசுகின்றனர். நோயாளியோ, தம் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, நரம்பு நசுங்கிவிட்டது என்று அஞ்சி, நாளுக்கொரு மாத்திரை, வாரத்திற்கொரு ஊசி, ஊருக்கொரு வைத்தியம் என்று பணத்தைச் செலவிட்டுக் கடனாளியாகிறார். ஒரு குடும்பத்தின் உழைப்பும் சேமிப்பும் இவ்வாறு வீணாவதைத் தடுக்க வேண்டுமாயின், இவ்வலியின் தன்மையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம்.

இது நம் ஊர்களுக்கு மட்டும் உரிய குறையன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் இடுப்பு வலியுடன் வாழ்ந்தனர் என்றும், 2050ஆம் ஆண்டிற்குள் இத்தொகை 84.3 கோடியாக உயரக்கூடும் என்றும் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கின்றனர்.

வலி எவ்வாறு உண்டாகிறது?

வலி என்பது உடலின் காவல் ஏற்பாடு. முள் தைத்தாலும், தீச்சுட்டாலும், தோலிலும் தசையிலும் உள்ள நரம்பு நுனிகள் அச்செய்தியை முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்திற்கு அனுப்புகின்றன. அங்கிருந்து செய்தி மூளைக்குச் செல்கிறது. மூளை அச்செய்தியை ஆராய்ந்து, ஆபத்து உண்டென்று தீர்மானித்தால் வலியை உணர்த்துகிறது. ஆகவே, நரம்பு கொண்டு செல்வது ஆபத்தைப் பற்றிய செய்தியே. அதை வலியாக உணரச் செய்வது மூளை.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், பெருங்காயமுற்ற போர்வீரர்களில் பலர் வலி மருந்து வேண்டாமென்று கூறியதைக் கண்டு 1946இல் எழுதினார். போர்க்களத்தினின்று உயிர் பிழைத்தோம் என்ற எண்ணமே அவர்களுடைய வலியை அடக்கி வைத்தது என்று அவர் கருதினார். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. விபத்தில் கையையோ காலையோ இழந்தவர்களில் பலருக்கு, இல்லாத அவ்வுறுப்பிலேயே கடும் வலி தோன்றுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று பின்னர் அமெரிக்காவில் நரம்பியல் ஆராய்ச்சி நடத்திய டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இத்தகையோருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். நல்ல கையின் பிம்பம் இழந்த கை இருந்த இடத்தில் தெரியுமாறு வைத்து, அக்கையை அசைக்கச் செய்தார். இழந்த கை அசைவதுபோல் கண்ணுக்குத் தோன்றியபோது சிலருடைய வலி குறைந்தது. பெருங்காயம் இருந்தும் வலி குறைவாக இருக்கலாம். உறுப்பே இல்லாத இடத்திலும் வலி மிகுதியாக இருக்கலாம் என்பது இவற்றால் விளங்கும். வலியின் அளவு காயத்தின் அளவைக் காட்டும் படி அன்று.

கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக், இங்கிலாந்து நாட்டு நரம்பியலறிஞர் பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு மதகு போன்ற அமைப்பு உண்டென்பதே அதன் சாரம். அது திறந்திருந்தால் வலிச் செய்தி மிகுதியாகப் பாயும். தாழ்ந்திருந்தால் குறைவாகப் பாயும். முழங்காலில் அடிபட்டவுடன் நாம் அவ்விடத்தைத் தேய்த்துவிட்டுக் கொள்கிறோம் அல்லவா? அத்தேய்ப்பின் உணர்ச்சி மதகைச் சற்றே தாழ்த்துகிறது. மூளையிலிருந்து வரும் கட்டளைகளும் இம்மதகை ஏற்றவும் தாழ்த்தவும் வல்லவை. இக்கொள்கையின் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டனவாயினும், அதன் அடிப்படை இன்றும் நிலைத்திருக்கிறது.

காவல் மிகையாகும்போது

தினைக்கொல்லையில் பரண் அமைத்துக் காவல் இருக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஓர் இரவு காட்டுப் பன்றி புகுந்து பயிரை அழித்துவிடுகிறது. மறுநாள் முதல் காவலர் கண்ணயர்வதில்லை. சருகு அசைந்தாலும் தகரத்தைத் தட்டுகிறார்; காற்று வீசினாலும் கூவுகிறார். பன்றி வேறு காட்டிற்குச் சென்று பல மாதங்களாகியும் தகரச் சத்தம் ஓயவில்லை. காவலர் பொய் சொல்லவில்லை. தகரத்தின் ஓசையும் உண்மையானதே. ஆனால், அந்த ஓசை பன்றி வந்ததற்கு அடையாளமன்று.

நரம்பு மண்டலத்திலும் இவ்வாறே நிகழக்கூடும். காயத்திலிருந்து வலிச் செய்தி நெடுநாள் தொடர்ந்து வந்தால், தண்டுவடத்து நரம்பணுக்கள் கூர்மையடைந்து, சிறு செய்தியையும் பெரிதாக்கி மேலே அனுப்பத் தொடங்குகின்றன. 1983இல் லண்டனில் ஆராய்ச்சி நடத்திய கிளிஃபோர்டு உல்ஃப் என்னும் அறிஞர், காயத்திற்குப் பின் தோன்றும் மிகை வலியின் ஒரு பகுதி தண்டுவடத்திலேயே உண்டாகிறது என்பதைச் சோதனை மூலம் காட்டினார். மத்திய நரம்பு மண்டலத்தின் இம்மிகையுணர்ச்சியே பலருடைய நாட்பட்ட வலிக்கு அடிப்படையாக அமைகிறது. வலி ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 2017இல் இத்தகைய வலியைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், வேறு நோயின் அறிகுறியாக அன்றித் தானே ஒரு நோயாக நிற்கும் நாட்பட்ட வலிக்கு இடம் அளிக்கப்பட்டிருக்கிறது.

இதன் அடையாளங்கள் சில உண்டு. முதலில் ஓரிடத்தில் இருந்த வலி நாளடைவில் சுற்றிலும் பரவுதல், துணி உராய்ந்தாலும் மெல்லத் தொட்டாலும் வலித்தல், சிறு வேலைக்குப் பின் பல நாள் படுக்கை, உறக்கக் குறைவு, ஓயாத களைப்பு, பேரொலியையும் கூசும் ஒளியையும் பொறுக்க இயலாமை ஆகியன அவை. உடலெங்கும் வலி தோன்றும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய் இவ்வகையைச் சேர்ந்தது. முழங்கால் தேய்வு போன்ற நோய்களிலும், மூட்டில் உள்ள குறையோடு இம்மிகையுணர்ச்சியும் சேர்ந்து வலியைப் பெருக்குவதுண்டு. உறக்கமின்மை, கவலை, கடன் தொல்லை, துக்கம் ஆகியனவும் நரம்புகளின் கூர்மையை மிகுவிக்கின்றன. இதைக் கொண்டு, "எல்லாம் மனப்பிரமை" என்று கூறுவது பெருந்தவறு. மாற்றம் நிகழ்ந்திருப்பது நரம்பில். வலி முற்றிலும் உண்மை.

ஸ்கேன் படமும் வலியும்

முதுகு வலியென்றதும் ஸ்கேன் படம் எடுத்தாலன்றி உண்மை தெரியாது என்று பலர் கருதுகின்றனர். படத்தில் தட்டு விலகியிருப்பதாகவோ தேய்ந்திருப்பதாகவோ எழுதியிருந்தால், தம் வாழ்வே முடிந்ததென்று மனம் தளர்கின்றனர். ஈண்டு ஒரு செய்தியை அறிந்துகொள்ளுதல் நலம். வலி சிறிதும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த 33 ஆய்வுகள் 2015இல் ஒருங்கே தொகுக்கப்பட்டன. அவற்றின்படி, வலியில்லாத 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 84 பேருக்கும் முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பதுபோல் தட்டுத் தேய்வும் வயதின் இயல்புகளுள் ஒன்று. ஆகவே, படத்தில் காணும் ஒவ்வொரு மாற்றமும் வலிக்குக் காரணமாகிவிடாது. ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். நாமே கேட்டுப் பெறவேண்டிய பொருளன்று அது.

மாத்திரையும் ஊசியும்

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் வீக்கத்தோடு கூடிய புதிய வலிக்குப் பயன்படுவன. மருத்துவர் குறித்த அளவில், குறித்த நாட்களுக்கு மட்டும் உட்கொண்டால் நன்மை தரும். ஆனால், கூர்மையடைந்த நரம்பை இவை பெரும்பாலும் தணிப்பதில்லை. தணியவில்லையென்று நாள்தோறும் விழுங்கினால், குடலில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகும், இரத்த அழுத்தம் உயரும், சிறுநீரகம் பழுதுறும். வெயிலில் வியர்த்து உழைத்துப் போதிய நீர் பருகாதவர் இம்மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால், சிறுநீரகத்திற்கு நேரும் தீங்கு இன்னும் மிகுதியாகும். சீட்டின்றிப் பொட்டலமாகக் கட்டித் தரப்படும் கலவை மாத்திரைகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கலாம். உண்டவுடன் புத்துணர்ச்சி தருவதுபோல் தோன்றினும், அது நாளடைவில் எலும்பை மெலிவித்து, இரத்தத்தில் சர்க்கரையையும் உயர்த்தும். ஆயினும், நெடுநாள் உண்டு பழகியவர் அதைத் திடீரென்று தாமே நிறுத்துதலும் ஆபத்து. மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டி, அவர் கூறும் வழியில் குறைத்து நிறுத்த வேண்டும்.

சிலருக்கு மருத்துவர் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் அளிப்பார். இது மனத்தளர்ச்சி நோய்க்கும் பயன்படும் மருந்தாதலால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று வருந்தி எறிந்துவிடுவோர் உளர். நீரிழிவு நோயால் வரும் நரம்பு வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் நரம்புகளைத் தணிக்கும் பொருட்டே இது தரப்படுகிறது. எல்லா வலிக்கும் உகந்ததன்று. நாட்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு இத்தகைய மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, அபின் வகை மருந்துகள் ஆகியவற்றையும் அது விலக்குகிறது. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனத்துணிவளிக்கும் ஆலோசனை ஆகியவற்றுக்கு அது இடமளிக்கிறது.

நரம்பைப் பழக்கும் வழி

கூர்மையடைந்த நரம்பை மீண்டும் அமைதிக்குக் கொண்டுவர இயலுமா? பலருக்கு இயலும். ஆனால், ஒரு நாளில் இயலாது. காவலருக்கு ஆபத்து இல்லை என்ற நம்பிக்கை சிறிது சிறிதாக ஏற்படவேண்டும். அதற்குரிய நடைமுறைகள் பின்வருமாறு:

முதலாவது, அளவறிந்த நடை. வலிக்கு அஞ்சிப் படுத்தே கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், நரம்பு மேலும் கூர்மையடையும். வலி சற்றுக் குறைந்த நாளில் எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டு மூன்று நாள் படுப்பதும் தவறே. மூன்று நாட்கள், வலி மிகாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று குறித்துக்கொள்க. 12, 8, 10 நிமிடமாயின், சராசரி 10 ஆகும். அதற்குச் சற்றுக் குறைவாக 8 நிமிடத்தில் தொடங்குக. வாரத்திற்கு ஒரு நிமிடம் கூட்டினால் 12 வாரங்களில் 20 நிமிடம் ஆகும். நல்ல நாளிலும் அளவை மீறலாகாது. வலி சிறிது கூடிய நாளிலும் நடையை அடியோடு நிறுத்தலாகாது. நடக்கும்போது சிறிது வலித்தால் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாவது, வேலையை மாற்றி மாற்றிச் செய்தல். ஒரே நிலையில் மணிக்கணக்கில் குனிந்திராமல் இடையிடையே நிமிர்ந்து நிற்க வேண்டும். வரிசை நடவு செய்யும் திருந்திய நெல் சாகுபடியில் கோனோவீடர் கருவியை நின்றபடியே தள்ளிக் களை எடுக்கலாம். ஒரு பெருஞ்சுமையை இரு சிறு சுமைகளாக்கிக் கொள்ளலாம்.

மூன்றாவது, உறக்கம். நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுதல் வேண்டும். மாலைக்குப் பின் காப்பி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று. மதுவும் புகையிலையும் உறக்கத்தைக் கெடுப்பவை.

நான்காவது, மன அமைதி. காலையும் மாலையும் சில நிமிடம் மெல்ல மூச்சை இழுத்து மெல்ல விடுதல் நரம்புகளின் பரபரப்பைக் குறைக்கும். கோயில் திருவிழா, பஜனை, மகளிர் குழுக் கூட்டம் போன்றவற்றிலிருந்து வலியுடையோர் ஒதுங்கிவிடுவது வழக்கம். அவர்களை மீண்டும் அழைத்து அமர்த்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இவற்றால் வலி எல்லோருக்கும் அடியோடு நீங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. சிலருக்கு முற்றிலும் நீங்கும். பலருக்கு வலி ஓரளவு நிற்கையிலேயே வேலையும் உறக்கமும் உறவும் திரும்பும். அதுவே பெரும் பயன்.

தாமதிக்கலாகாத குறிகள்

எல்லா முதுகு வலியையும் நரம்பின் மிகையுணர்ச்சி என்று எண்ணி இருந்துவிடுதலும் ஆபத்து. சிறுநீர் அல்லது மலம் அடங்காமை, அல்லது சிறுநீர் வெளியேறாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் ஓயாத வலி ஆகியன முதுகெலும்புக் காசநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். முன்பு புற்றுநோய் இருந்தவர்களும், மரத்திலிருந்தோ உயரத்திலிருந்தோ விழுந்தவர்களும், சிறு தடுமாற்றத்திற்குப் பின் கடும் முதுகு வலி கண்ட முதியோர்களும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். காலையில் நெடுநேரம் மூட்டுகள் விறைத்து வீங்கினால், அது வேறு சிகிச்சை வேண்டும் மூட்டழற்சியாக இருக்கலாம். 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் நீங்கிய பின்னும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலி தொடர்ந்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அத்தகைய வலியையும் மருத்துவர் ஒரு முறை பார்த்துத் தீர்மானித்தலே முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதற்பரிசோதனை. அதன் பின்னரே பயிற்சி.

பஞ்சாயத்தின் கடமை

நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நடவு வேலை செய்துவந்த அம்மையார் ஒருவர், வரப்பில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால், மூன்று ஆண்டுகளாகியும் வலி போகவில்லை. இடுப்பிலிருந்து இரு கால்களுக்கும் பரவியது. சேலைக் கொசுவம் அழுத்தினாலும் பொறுக்க இயலவில்லை. ஊசிக்காக இரண்டு ஆடுகள் விற்கப்பட்டன. படத்திற்காகத் தோடு அடகிற்குச் சென்றது. வேலைத்தளத்தில் பிறர் கேலி பேசியதால் வேலைக்குச் செல்வதையும் நிறுத்தினார். பின்னர் ஒரு பிசியோதெரபி நிபுணர் அவரைப் பரிசோதித்து, "அம்மா, உங்கள் வலி உண்மையானது, ஆனால் உங்கள் முதுகு உடைந்துபோகவில்லை" என்று விளக்கினார். தம் சொல்லை ஒருவர் நம்பியதே அவருக்கு முதல் மருந்தாயிற்று. நாள்தோறும் சில நிமிட நடை தொடங்கியது. பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் முயற்சியால், வேலைத்தளத்தில் தண்ணீர் கொடுக்கும் பணி அவருக்கு ஒதுக்கப்பட்டது. ஓர் ஆண்டிற்குப் பின் அவர் அரை நாள் களை எடுக்கிறார். வலி முற்றிலும் போகவில்லை; ஊசி நின்றுவிட்டது; தோடு மீட்கப்பட்டது.

இதில் பஞ்சாயத்து செய்த செலவு ஒன்றுமில்லை. ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பாராக:

கிராம சபைக் கூட்டத்தில் செவிலியரையோ மருத்துவரையோ அழைத்து, நாட்பட்ட வலியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசச் செய்யலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. படுக்கையில் இருப்போர் பெயரைச் சுகாதார நிலையத்தில் தெரிவித்து, அவர்களுக்கு உரிய சிகிச்சையைப் பெற்றுத் தரலாம். ஊரக வேலைத்தளங்களில் வலியுடையோருக்கு இலகுவான பணியை ஒதுக்கலாம். ஊருணிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ முட்செடி அகற்றி, முதியோரும் பெண்களும் அஞ்சாது நடக்க இடம் செய்யலாம். சீட்டின்றி மாத்திரை வாங்கும் வழக்கத்தின் தீமையை எடுத்துரைக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது, வலிக்கிறது என்று சொல்பவரை நம்புதல். உடலில் புண் தெரியவில்லை என்பதற்காக ஒருவரைச் சோம்பேறி என்று ஒதுக்கினால், ஊர் ஓர் உழைப்பாளியை இழக்கிறது. குடும்பம் கடனில் மூழ்குகிறது. நம்பிக்கையோடு கை கொடுத்தால், அவர் மெல்ல மெல்ல எழுந்து நடப்பார். கிராம முன்னேற்றம் என்பது சாலையும் கிணறும் மட்டுமன்று. அச்சாலையில் நடக்கவும் அக்கிணற்றில் நீர் இறைக்கவும் மக்களுக்கு உடல் வலிமை இருக்கவேண்டும். அவ்வலிமையைக் காக்க ஒவ்வொரு பஞ்சாயத்தும் முன்வருவதாக.